ஒரு வீட்டுக்கு ஒரு மூக்குக்கண்ணாடி

கீப்பரை எரித்த அன்று இரும்புலியூர் சுடுகாட்டுக்கு நம் பழைய கிரிக்கெட் டீமிலிருந்து வந்தவர்கள் இரண்டு பேர்தான். ஒருவன் லெஃப்ட் ஹேண்டர். ஊரப்பாக்கத்தில் மாவு மில்லை அப்படியே போட்டுவிட்டு, புருவமெல்லாம் வெள்ளையாக வந்து நின்றான். இன்னொருவன் நான். நம் ஒன்பதாம் வகுப்பு சாரும் வந்திருந்தார், மகனுடைய ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து, கைத்தடியை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு. தண்ணீர் லாரிக்காரர்கள் கூட்டமாக வந்திருந்தார்கள். பேட் ஓனர் வரவில்லை. கடல் தாண்டி இருக்கிறவன், லெஃப்ட் ஹேண்டரின் போனில் வீடியோவில் வந்தான். அவன் வாய் அசைந்தது, அழுதான், சத்தம் மட்டும் வரவில்லை. கீப்பரின் அப்பா இல்லை. அவர் மகனுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். மற்றபடி நீங்கள் எல்லாரும் வாட்ஸ்அப் க்ரூப்பில் இருந்தீர்கள்.

குறை சொல்வதாக நினைக்காதீர்கள். வேலை நாள், திடீர்ச் செய்தி. ஊரப்பாக்கத்துக்கு அந்தப் பக்கம் போர்வெல்லில் லாரிக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தானாம். தொட்டி நிரம்பி வழிந்து, அவன் உட்கார்ந்திருந்த மண் சேறான பிறகுதான் யாரோ திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். நாற்பதுகூட ஆகவில்லை. நம் எல்லாருக்கும் அதே வயதுதான் என்பதை யாரும் க்ரூப்பில் எழுதவில்லை. எல்லாரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம் என்று எனக்குத் தெரியும்.

அன்றிலிருந்து எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. ஆபீசில் நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கிறேன். வீட்டுக்குப் போக வேண்டிய ரயிலைவிட்டு தாம்பரத்திலேயே இறங்கி, ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரமாக இரும்புலியூர் வரை நடக்கிறேன், திரும்பி நடக்கிறேன். காரணம் இரண்டு. ஒன்று, தெருமுனையில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி பேனர். அதில் இருந்த முகத்தில் கண்ணாடி இல்லை. கல்யாணப் படமோ என்னவோ, யாரோ தேடி எடுத்து, இதில் நன்றாக இருக்கிறான் என்று கொடுத்திருக்கிறார்கள். கண்ணாடி இல்லாத அந்த முகம் எனக்கு யாரோ ஒரு ஆளாகத் தெரிந்தது. இரண்டாவது, சுடுகாட்டு வாசலில் சார் என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னது: "நல்ல பையன்பா. ஆனா அந்த வயசுலேர்ந்தே அவனுக்கு ஒரு அலட்சியம். ஒரு திமிர்னு வெச்சுக்கோயேன். அது இல்லாம இருந்திருந்தா எங்கயோ போயிருப்பான்."

நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். அங்கே நின்று என்ன சொல்வது? அதனால்தான் இதை எழுதுகிறேன். அந்த ஒன்பதாம் வகுப்புப் பொங்கலிலிருந்து சித்திரை வரைக்குமான நாட்களை நீங்கள் ஆளுக்கு ஒரு துண்டாக வைத்திருப்பீர்கள். என்னிடம் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது.

அந்த வருடம் ஏரியில் தண்ணீர் இல்லை. வெடித்த களிமண்ணைச் செருப்பால் தேய்த்துத் தேய்த்து நாம் ஒரு பிட்ச் போட்டோம். சேலையூர் காலனியிலிருந்து சைக்கிளில் வரும் பேட் ஓனர்தான் எப்போதும் முதலில் ஆடுவான். அவுட் ஆனால் பேட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "மாம்பழம் சாப்பிட அம்மா கூப்பிடறாங்க" என்பான். மாம்பழமே இல்லாத மாதத்திலும் சொல்வான். ஸ்டம்ப் கிடையாது, என் அப்பா வேலை செய்யும் கட்டடத்திலிருந்து நான் கொண்டுவந்த சவுக்குக் கட்டைகள். சேலையூர் காலனியில் பாதி வீடுகள் அப்பா பூசியவை. அம்மா கலவை சுமந்தவை. அந்த வீடுகளின் வாசலில் எழுதியிருக்கும் பெயரை அவர்கள் இருவருக்கும் நான்தான் படித்துச் சொல்வேன்.

கீப்பர் உயரம். தெருவில் ஒருத்தனுக்கும் வராத விதத்தில் கீப்பிங் செய்வான். பந்து பேட்டில் உரசும் சத்தம் கேட்டதுமே கை அங்கே போயிருக்கும். பயமே கிடையாது. முகத்துக்கு நேராக வந்தாலும் கண் சிமிட்ட மாட்டான். ஆனால் அவனை பவுண்டரியில் நிறுத்தினால் போச்சு. தலைக்கு மேல் போகும் பந்தை விட்டுவிட்டு, வேறு திசையில் ஓடுவான். "இன்னாடா, காக்காவ புடிக்க ஓட்றியா?" என்று லெஃப்ட் ஹேண்டர் கத்துவான். கீப்பரும் சேர்ந்து சிரிப்பான்.

பொங்கல் லீவு முடிந்து வந்ததும் பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனை நடந்தது. தாழ்வாரத்தின் ஒரு கோடியில் எழுத்து அட்டையைத் தொங்கவிட்டு, மறு கோடியில் சாக்பீஸால் கோடு போட்டார்கள். கோட்டில் நின்று ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு படிக்க வேண்டும். கண் சரியில்லாதவர்களுக்கு இலவசமாகக் கண்ணாடி தருவார்கள் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். நம் காதில் அது விழவில்லை. டெஸ்ட் என்ற வார்த்தை மட்டும்தான் விழுந்தது.

வரிசையில் நிற்கும்போது கீப்பர் லெஃப்ட் ஹேண்டரின் சட்டையைப் பிடித்து இழுத்தான். "மச்சான், எனக்கு ஒண்ணியும் தெர்ல. வெள்ளையா ஒரு பேப்பர் கீது, அவ்ளோதான்."

"தெர்லன்னா இன்னா? கணக்குல மட்டும் உனக்கு எல்லாம் தெரியுமா? இர்றா, நான் போய்ப் பாத்துகினு வந்து சொல்றேன்."

லெஃப்ட் ஹேண்டர் படித்துவிட்டு வந்தான். மேலே ஒரு 'ட'. அடுத்து 'ப, ர'. அதற்கடுத்து 'க, ம, ய'. கடைசி வரி வரைக்கும் கொண்டுவந்து ஒப்பித்தான். விட்டுப்போனதை பேட் ஓனர் போய்க் கொண்டுவந்தான். நான் கீப்பருக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு வரியாகக் கேள்வி கேட்டேன். செய்யுள் ஒப்பிக்கிற மாதிரி அவன் உதடு அசைந்துகொண்டே இருந்தது. அவன் முறை வந்தது. பரிசோதனைக்கு வந்த அம்மா இரண்டாம் வரியில் குச்சியை வைப்பதற்குள் இவன் நான்காம் வரியில் இருந்தான். "கழுகுக் கண்ணுடா உனக்கு" என்று அந்த அம்மா அவன் கன்னத்தைத் தட்டி, சீட்டில் எழுதிக் கொடுத்தார். நாம் கேட்டுக்கு வெளியே போய்க் குச்சி ஐஸ் வாங்கிக் கொண்டாடினோம். நம் வகுப்பில் மூன்று பேர் ஃபெயில். அவர்களுக்குக் கண்ணாடி வந்தபோது, "பாவம்டா, சொல்லிக் குடுக்க அவனுங்களுக்கு ஃப்ரெண்டு யாரும் இல்ல" என்று நாம் பேசிக்கொண்டது எனக்கு நினைவிருக்கிறது.

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. சிரித்து முடிப்பதற்குள் எழுந்து நடக்க வேண்டும்போல் இருக்கிறது.

நம் பள்ளியில் அப்போது பத்தாம் வகுப்புக்கு மட்டும்தான் அச்சடித்த கேள்வித்தாள். ஒன்பதுக்குக் கேள்வியைக் கரும்பலகையில் எழுதிப்போட்டுவிடுவார்கள். பரீட்சையில் உயரமானவனுக்குக் கடைசி பெஞ்ச். வகுப்பில் அவன் என் பக்கத்தில் உட்கார்ந்து என் நோட்டைப் பார்த்து எழுதிவிடுவான். பரீட்சையில் என்னை வேறு மூலைக்கு மாற்றிவிடுவார்கள். அரையாண்டில் அவன் என்ன செய்தான் என்றால், பலகையில் தெரிந்த வெள்ளைக் கோடுகளின் நீளத்தை வைத்து, இது இந்தக் கேள்வியாக இருக்கும் என்று குத்துமதிப்பாக எழுதினான். விடைத்தாளை சார் வகுப்பில் உரக்கப் படித்தார்.

"நான் கேட்டது பருவக்காற்று. ஐயா எழுதியிருக்கறது பஞ்சாயத்து ராஜ். நாலு பக்கம்! தெரியலன்னா விட்டுடலாம். இது என்னைக் கிண்டல் பண்றது." அவர் தாளை மடித்தார். "முழுப் பரீட்சைல இப்படிப் பண்ணினா டி.சி.யைக் கையில குடுத்துடுவேன். உங்கப்பாவோட லாரியில கிளீனராப் போ."

வகுப்பு முழுக்கச் சிரித்தது. கீப்பர் சிரிக்கவில்லை. லாரிதான் அவனுக்குப் பயம். லீவு நாட்களில் அப்பா லாரியைப் பின்னால் எடுக்கும்போது இவன் பின்னால் நின்று "வா, வா, ரைட்டு" என்று கத்த வேண்டும். ஒரு தடவை இவன் ரைட்டு சொல்லி, லாரி போய் ஒரு வீட்டு காம்பவுண்டை இடித்துவிட்டது. "செவுரு பக்கத்துல ஒரு கொழந்த வெளாடிகினு இருந்துச்சாம்டா. நான் பாக்கவே இல்ல. அந்த அம்மா வந்து கத்துனப்புறம்தான் தெரியும்" என்று என்னிடம் மட்டும் சொன்னான். அப்பா அடித்த அறையைப் பற்றிச் சொல்லவில்லை. காது சிவந்திருந்ததை நானே பார்த்தேன்.

தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் நின்று பஸ் நம்பர் சொல்லும் விளையாட்டு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தூரத்தில் வரும் பஸ்ஸின் நம்பரை யார் முதலில் சொல்கிறானோ அவனுக்கு மற்றவன் வேர்க்கடலை வாங்கித் தர வேண்டும். கீப்பர் தினமும் தோற்பான். ஒரு நாள் நான், "இவ்ளோ பெரிசா எழுதியிருக்கே, தெரியலயாடா?" என்று கேட்டேன்.

"நம்பரா? எனக்கு பஸ்ஸே இப்பத்தான் தெரியுது."

"அப்ப இவ்ளோ நாளா எப்படிடா சொல்லிக்கினு இருந்த?"

"எஞ்சின் சத்தத்த வெச்சி. எல்லாரும் அப்படித்தான சொல்றீங்க?"

பேட் ஓனர்தான் கடலையை மென்றுகொண்டே, "டேய், இவனுக்கு பவர்டா. எங்க டாடிக்கும் இதான். ஸ்பெக்ஸ் போட்டா சரியாயிடும்" என்றான். கீப்பர் பாலத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அப்ப உங்களுக்கெல்லாம் போர்டு தெரியுதா? நெஜமாவா? கடசி பெஞ்சிலேர்ந்தா?" என்று ஒவ்வொருவனாகக் கேட்டான். நாம் கேலி செய்கிறோமோ என்று அவனுக்குச் சந்தேகம்.

வீட்டில் கேட்டான். அவன் அப்பா சாப்பிட்டுக்கொண்டே பதில் சொன்னாராம்: "கண்ணாடி போட்டவனுக்கு ஹெவி லைசென்ஸு குட்க்க மாட்டான். அத்தெல்லாம் ஆபீஸ்ல குந்திகினு எழுதறவன் போடறது. ஒரு தபா போட்டா அப்புறம் கண்ணு உள்ள பூடும். கேரட்டு தின்னு, சரியாய்டும்." அதோடு பேச்சு முடிந்தது. பின்னாளில் கீப்பர் கண்ணாடியோடு போய்த்தான் ஹெவி லைசென்ஸ் வாங்கினான். ஓர் அதிகாரியும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று அது நமக்குச் சட்டம் மாதிரி இருந்தது.

சேலையூரில் நடக்கவிருந்த டோர்னமெண்டுக்கு நாம் சேர்த்து வைத்திருந்த காசு இருந்தது. அதை எடுத்துக்கொள்ளலாம் என்று முதலில் சொன்னவன் லெஃப்ட் ஹேண்டர். சிக்கல் வேறு இடத்தில் வந்தது. தாம்பரம் மார்க்கெட்டில் நமக்குத் தெரிந்த ஒரே கண்ணாடிக் கடை தண்ணீர் லாரி ஸ்டாண்டுக்கு நேர் எதிரே. அங்கே நிற்கும் ஒவ்வொரு டிரைவருக்கும் கீப்பரைத் தெரியும். "நான் உள்ள போனா சாயங்காலத்துக்குள்ள எங்கப்பனுக்கு நியூஸ் பூடும். நான் வர்ல" என்று ஏரியில் உட்கார்ந்துவிட்டான்.

அதனால் அவனுக்குப் பதிலாக நான் போவது என்று முடிவாயிற்று. இதை யார் கண்டுபிடித்தது என்று இப்போது ஆளுக்கு ஆள் மாற்றிச் சொல்வீர்கள். எல்லாரும்தான். அவனுக்கு எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என்பதை நான் கற்றுக்கொண்டால் போதும் என்று நினைத்தோம். ஒரு பழைய காலண்டரை மரத்தில் மாட்டி, அவனை நிற்க வைத்துக் கேட்டோம். மேலே பெரிய எழுத்து மங்கலாகத் தெரியும், தேதி தெரியாது, கீழே ஒன்றும் தெரியாது. அதை நான் பாடம் செய்துகொண்டு பேட் ஓனரோடு போனேன்.

கடைக்காரர் வயதானவர், காதில் பென்சில். என்னை முக்காலியில் உட்காரவைத்து, கனமான இரும்பு வளையக் கண்ணாடியை மூக்கில் மாட்டினார். நான் முதல் வரியைத் தட்டுத்தடுமாறிப் படித்து, இரண்டாம் வரியில் கண்ணைச் சுருக்கி, மூன்றாம் வரியில் கைவிட்டேன். அவர் ஒரு வில்லையை வளையத்தில் போட்டார்.

"இப்ப எப்படி இருக்கு தம்பி?"

"ஆஹா! எல்லாம் தெளிவா தெரியுது சார்." கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்தேன்.

அவர் அந்த வில்லையை எடுத்து என் கண்முன்னே விரலால் தட்டினார். "இது வெறும் கண்ணாடி. ஜன்னலுக்குப் போடறது. இதுல பவரே கிடையாது."

நான் பேட் ஓனரைப் பார்த்தேன். அவன் பயத்தில் ஆங்கிலத்துக்குப் போய்விட்டான். "சார், ஆக்சுவலி, இட் இஸ் நாட் ஹிம், சார்."

"அப்ப ஹூ?" என்றார் அவர்.

சொன்னோம். அவர் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாமல் காதிலிருந்து பென்சிலை எடுத்து மறுபடி சொருகினார். "டேய், ஒருத்தன் பசிக்கு இன்னொருத்தன் சாப்பிட முடியுமா? பின்னால சந்து இருக்கு. டெய்லர் கடை வழியா அவனக் கூட்டிட்டு வாங்க. மத்தியானம் வந்தா எதிர்ல லாரிக்காரன் எல்லாம் தூங்கிட்டு இருப்பான்."

அப்படித்தான் போனோம். ஃப்ரேமும் கண்ணாடியும் சேர்த்து நூற்று அறுபது ரூபாய். நான்கு நாள் கழித்து அதே சந்து வழியாகப் போய் வாங்கினோம். கறுப்பு ஃப்ரேம், கொஞ்சம் பெரியது. மார்க்கெட்டைத் தாண்டியதும் மாட்டிக்கொண்டான்.

அதன் பிறகு அவன் வாயை மூட முடியவில்லை. பெயிண்ட் கடை, டயர் கடை, பல் டாக்டர், வாடகைக்கு விடப்படும், இங்கு சிறுநீர் கழிக்காதீர். ஒரு போர்டையும் விடவில்லை. மின்கம்பத்தில் இருந்த எச்சரிக்கையைக்கூட நின்று படித்தான். இரும்புலியூர் வரை நடந்தே வந்தோம், பஸ்ஸில் ஏறினால் போர்டுகள் வேகமாகப் போய்விடும் என்று. ஏரிக்கரையில் வேப்பமரத்தின் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, "எலை எலையா கீதுடா" என்றான். மரம் என்றால் பச்சையாக ஒரு பொதி என்று பதினான்கு வருடம் இருந்திருக்கிறான். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் என்னவோ எதிர்பார்த்தேன். "டேய், உன் மூஞ்சில இவ்ளோ பருவா? சொல்லவே இல்ல!"

ஒரு நஷ்டம் மட்டும் ஆயிற்று. கண்ணாடி போட்டதும் அவனுக்கு கீப்பிங் வரவில்லை. பந்து கிளம்பும் இடத்திலிருந்தே தெரிந்ததால் முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தான்.

இரவு கண்ணாடி எங்கள் வீட்டில்தான் இருக்கும். அம்மா அதைத் தன் முந்தானையால் துடைத்து, அரிசிப் பானைக்குள் வைப்பாள். காலையில் பள்ளி முனையில் அவனிடம் கொடுப்பேன். கண்ணாடியோடு வகுப்புக்குள் போன முதல் நாள் சார், "இது என்ன புது ஸ்டைலு? கழுகுக் கண்ணுன்னு சீட்டு வாங்கினவன்தானே நீ?" என்றார். அந்தச் சீட்டு அவர் மேஜையில் இருந்தது. நாம் வாங்கிக் கொடுத்த சீட்டு. அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பையும் திமிரில் சேர்த்துக்கொண்டார். ஆனால் அவன் சோர்ந்துபோகவில்லை. "போர்டு தெரியுதுடா. இந்தத் தபா பாஸாய்டுவேன். லாரிக்குப் போவ மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

முழுப் பரீட்சைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. ஏரியில் கடைசி ஆட்டம் என்று கூடியிருந்தோம். கரைமேல் தண்ணீர் லாரி வந்து நின்றது. அவன் அப்பாவின் லாரி அந்த வழியாக வருவதே இல்லை. அன்று வேறு ரோட்டில் பள்ளம் தோண்டியிருந்தார்களாம். கீப்பர் ஸ்டம்புக்குப் பின்னால் குனிந்து நிற்கிறான், மூக்கில் கண்ணாடி. கழற்றக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

அவர் இறங்கி வந்தார். எஞ்சினை அணைக்கவில்லை. லாரியின் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. லுங்கியை மடித்துக் கட்டியபடி நேராக வந்து, மகனின் முகத்திலிருந்து கண்ணாடியை உருவினார்.

"இன்னா இது?"

லெஃப்ட் ஹேண்டர், "அண்ணா, அது வந்து…" என்று ஆரம்பித்துப் பின்வாங்கினான்.

"எத்தினி நாளா நடக்குது? சொல்லிகினே கீறேன், கண்ணு பூடும்னு. இத்தப் போட்டா துரையாய்டுவியா நீ?" கண்ணாடியை ஏரிக்குள் வீசப்போகிறார் என்றுதான் நினைத்தேன். வீசவில்லை. நக்கல் செய்வதற்காகத் தன் மூக்கில் மாட்டிக்கொண்டு, இடுப்பில் கை வைத்து, தலையை அப்படியும் இப்படியும் ஆட்டினார். "பாருங்கடா, கலெக்டரு! இதுல அப்படி இன்னாதான் தெரி…"

நிறுத்திவிட்டார்.

முதலில் மகனைப் பார்த்தார். பிறகு நம்மை ஒவ்வொருவராக. அப்புறம் திரும்பி எதிர்க்கரையைப் பார்த்தார். அங்கே செங்கல்பட்டு ரயில் போய்க்கொண்டிருந்தது. கதவில் தொங்கிக்கொண்டு ஆட்கள். ரயில் போய் மறைந்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கொஞ்சம் தூக்கினார், இறக்கினார், மறுபடி தூக்கினார். அவர் வாய் திறந்தே இருந்தது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பிறகு கரையேறி, லாரியில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றாமலே வண்டியை எடுத்தார். ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்ஸை முந்திக்கொண்டு பறக்கிற மனிதர் அன்று மாட்டு வண்டி மாதிரிப் போனார்.

"டேய்," என்றான் லெஃப்ட் ஹேண்டர், "உங்கப்பா கண்ணாடிய தூக்கிகினு பூட்டார்டா."

அந்த மனிதர் எத்தனை வருடம் கண் சரியாகத் தெரியாமலே அப்படி ஓட்டினாரோ. நாம் எல்லாரும் அந்த ரோட்டில்தான் சைக்கிள் ஓட்டினோம். லைசென்ஸ் போய்விடும் என்ற பயத்தில் அவர் யாரிடமும் சொன்னதில்லை. தனக்கே சொல்லிக்கொண்டிருப்பாரா என்பதும் சந்தேகம்.

மறுநாள் தமிழ்ப் பரீட்சை. பள்ளி முனையில் கீப்பர் வெறும் முகத்தோடு நின்றான். "நைட்டு கேட்டியாடா?" என்றேன். "எப்படிக் கேக்கறது? தூங்கும்போதுகூட கயட்டல. செவுத்துல பல்லி ஓடறத பாத்துகினே படுத்துனு இருந்தார். காலைல எழுந்தா ஆளக் காணோம்" என்றான். இன்னொரு கண்ணாடி வாங்கலாம் என்று நம்மில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. நம் வீடுகளில் எதுவும் ஒன்றுதான் இருக்கும். ஒரு சைக்கிள், ஒரு குடை. அது போல ஒரு வீட்டுக்கு ஒரு மூக்குக்கண்ணாடி, அதை ஆள் மாற்றி ஆள் போட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்று மனதில் எழுதாத விதி. அவருக்கும் அதே விதிதான்.

முதல் மணி அடித்துவிட்டது. அப்போது பள்ளி வாசலில் லாரி ஹாரன். நிறுத்தாமல் அடித்துக்கொண்டே வந்தது. தொட்டி நிறையத் தண்ணீர், ஓரமெல்லாம் சிந்திக்கொண்டு. அவர் குதித்து இறங்கி, மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றி, சட்டையில் துடைத்து மகனின் கையில் கொடுத்தார்.

"இந்தா. போய் எழுது."

"நீ?"

"நான் இங்கியே கீறேன். போ, மணி அட்ச்சிட்டான்."

மூன்று மணி நேரம் லாரி வாசலிலேயே நின்றது. என் ஜன்னலிலிருந்து எனக்குத் தெரிந்தது. அவர் படியில் உட்கார்ந்து பீடி பிடித்தார். ரோட்டில் போகிற வண்டிகளைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். சார் வெளியே போய்ச் சத்தம் போட்டார்.

"இங்க லாரி நிறுத்தக் கூடாதுய்யா. பரீட்சை நடக்குது. எடு!"

"எட்க்க முடியாது சார். கண்ணாடி உள்ள கீது. அது வந்தாத்தான் வண்டி எட்ப்பேன்."

சாருக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பனும் மகனும் ஒரே மாதிரி என்று முணுமுணுத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

இங்கிலீஷ் பரீட்சை அன்று லாரி ஓனரே பைக்கில் வந்துவிட்டார். காலனியில் பெண்கள் குடத்தோடு நிற்கிறார்கள், போன் மேல் போன் வருகிறது. தெருவே கேட்கத் திட்டினார். "லோடு ஏத்திகிட்டு வந்து இங்க குந்திகினு கீறியே, உனக்கு இன்னா பேஜாரு?"

கண்ணாடி என்ற வார்த்தையை ஓனரிடம் சொல்ல முடியாது. சொன்னால் சாவியைப் பிடுங்கிக்கொள்வார். கண்ணாடி இல்லாமல் வண்டியையும் எடுக்க முடியாது, இனிமேல். போன ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் எடுத்தவர்தான். "வண்டி சூடாய்ட்ச்சிண்ணா. ஆறட்டும்" என்றார்.

"தினமும் இதே எடத்துல வந்து சூடாவுதா?"

"ஆமாண்ணா."

கணக்குப் பரீட்சைக்கும் லாரி சூடாயிற்று. அறிவியலுக்கும், சமூக அறிவியலுக்கும். ஒவ்வொரு நாளும் மணி அடித்ததும் கீப்பர் ஓடிவந்து கண்ணாடியைக் கொடுப்பான். அவர் மாட்டிக்கொண்டு, "போர்டு தெரிஞ்சிச்சா?" என்று மட்டும் கேட்பார். "தெரிஞ்சிச்சு" என்பான். லாரி கிளம்பிப் போகும். பருவக்காற்று மறுபடியும் வந்திருந்தது. அவன் அதற்குப் பருவக்காற்றையே எழுதினான்.

மே மாதம் பள்ளிச் சுவரில் ஒட்டிய பட்டியலில் அவன் எண் இருந்தது. ரோட்டின் இந்தப் பக்கம் நின்றே படித்துவிட்டான். அப்பாவின் சம்பளத்தில் ஓனர், லோடு நின்ற அந்தக் காலைகளுக்கென்று பிடித்துக்கொண்டது நானூற்று ஐம்பது ரூபாய். கண்ணாடியின் விலை நூற்று அறுபது.